ஆளுக்கு ஒரு தூண்டில்

அதைத் தொடாதையுங்கோ தம்பி. எடுத்த இடத்திலயே திருப்பி வையுங்கோ. ஓம், உங்களுக்குத்தான் சொல்லுறன். நான் கடைக்காரன் இல்லை, உங்களை மாதிரி வாங்க வந்தனான்தான். ஆனா உந்தத் தூண்டில் தடியைக் கொண்டு மஸ்கி மீனுக்குப் போனியளெண்டா தடியும் முறியும், காசும் போகும், மீனும் உங்களைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு போகும்.

தமிழ்தானே? பாத்த உடன தெரிஞ்சிட்டுது. இந்தியாவோ? எவடம்? கோயம்புத்தூர். சரி, கடல் இல்லாத ஊர். அது ஒரு குற்றமில்லை. தவநாயகத்துக்கும்தான் கடல் தெரியாது. அவர் இண்டைக்குப் பத்தொன்பது அடி வள்ளம் வச்சிருக்கிறார்.

ஆர் தவநாயகமோ? என்ர மனிசியின்ர தமையன். அந்தாளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா கடையைப் பூட்டிப்போடுவாங்கள். முதல்ல உங்கட அலுவலைப் பாப்பம். குறைஞ்ச செலவில மஸ்கிக்கு இழுக்கிறதுக்குச் சாமான் வேணும், அவ்வளவுதானே? அப்ப சரியான ஆளிட்டத்தான் வந்திருக்கிறியள். இந்த ரொறன்ரோவில மலிவுச் சாமானைக் கொண்டு மச்சானைப் பழிவாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

தடி எட்டடி வேணும். கண்ணாடி நார்த் தடி. விலை கூடின கார்பன் தடி எறியிறதுக்குத்தான் திறம், நாங்கள் எறியப் போறேல்லை. வள்ளத்துக்குப் பின்னால தூண்டிலை விட்டிட்டு ஏரி முழுக்க ஓடப் போறம். மீன் வந்து அடிக்கேக்க தடி வளைஞ்சு குடுக்கவேணும். கண்ணாடி நார் வளையும். அந்தக் கடைசி வரிசையில நிக்குது பாருங்கோ, ஒருத்தரும் திரும்பிப் பாக்காத தடி, அதுதான். எடுங்கோ. கையில வச்சிருங்கோ. மஸ்கி எண்டா சும்மா மீன் இல்லைத் தம்பி. நாலடி நீளம், வாய் முழுக்கப் பல்லு. நூலை நறுக்கிப்போட்டுப் போயிடும். அதால தூண்டிலுக்கு முன்னால ஒரு முழம் கம்பி கட்டவேணும். கம்பியில காசு மிச்சம் பிடிக்காதையுங்கோ, வலையிலயும் மிச்சம் பிடிக்காதையுங்கோ. மற்றதெல்லாத்திலயும் பிடிக்கலாம்.

லைசன்ஸ் எடுத்திட்டியளோ? எடுத்தாச்சு. நல்லது. கெட்டிக்காரன்.

தவநாயகம் ஒண்டிலயும் மிச்சம் பிடிக்கிறேல்லை. சரி, சொல்லத்தான் வேணும். சொல்லாட்டி உங்களுக்கு விளங்காது, ஏன் இந்த மனுசன் இந்த மூலையில நிண்டு கத்துறான் எண்டு.

நான் பாசையூர். யாழ்ப்பாணத்தில கடற்கரை. பேர் எட்மன். பரம்பரையா வள்ளம், வலை, தூண்டில். என்ர மனிசி தவமலர், கோண்டாவில். அவை தோட்டம், கிணறு, வாழை, புகையிலை எண்டு நிலத்து ஆக்கள். சாதியும் வேற, சமயமும் வேற. இஞ்ச ஸ்காபரோவில இங்கிலிசு வகுப்பில சந்திச்சு, விரும்பிக் கட்டினனாங்கள். தமையன் கலியாணத்துக்கு வரேல்லை. இரண்டு வருசம் கழிச்சு, தன்ர மகன்ர பிறந்தநாளுக்கு, போனாப் போகுது எண்டு எங்களையும் கூப்பிட்டார். தை மாதம். வெளியில மைனஸ் இருபது. நான் புதுச் சேட்டும் போட்டு சென்ற்றும் அடிச்சுக்கொண்டு போய் ஸோபாவில இருக்கிறன். மனுசன் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். "ஏதோ மீன் மணக்குது" எண்டார்.

சபை முழுக்கச் சிரிச்சுது.

நான் அப்ப வேலை செய்தது பிளாஸ்டிக் வாளி செய்யிற தொழிற்சாலையில, தம்பி. கடலைக் கண்டு ஏழு வருசம். மலர் என்ர கையைப் பிடிச்சு அமத்தினவ, எழும்பாதையுங்கோ எண்டு. நான் எழும்பேல்லை. கேக்கும் திண்டிட்டுத்தான் வந்தனான். ஆனா அந்த யன்னலால வந்த குளிர் இருக்கே, அது இருபத்தாறு வருசமா என்ர முதுகை விட்டுப் போகேல்லை.

இப்ப பகிடியைக் கேளுங்கோ. மற்றவையின்ர வீடுகளை வித்துக் குடுத்துச் சம்பாதிச்ச மனுசன், அறுபது வயசில வேலையை விட்டார். விட்டிட்டு என்ன செய்தார்? கோயில் தர்மகர்த்தாவா வந்தாரோ? இல்லை. மீன் பிடிக்க வெளிக்கிட்டார்! ஆர்? மீன் மணக்குது எண்ட அதே வாய்! பத்தொன்பது அடி வள்ளம், இரண்டு மோட்டர், தண்ணிக்குக் கீழ மீனைக் காட்டுற ரீவி, தடியளுக்கு வெல்வெட் உறை. போன வருசம் சித்திரை வருசப்பிறப்புக்கு விருந்துக்குப் போறம், சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில பெரிய படம். மனுசன் மஸ்கியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நாற்பத்தி நாலு அங்குலமாம்.

நான் ஒரு கூடாத கேள்வியும் கேக்கேல்லை. "மச்சான், எவ்வளவு வேகத்தில இழுத்தனீங்கள்?" எண்டன். தொழில் தெரிஞ்சவன் கேக்கிற கேள்வி. எங்கட அப்பு பாய் வள்ளத்தில வெள்ளைச் சிறகைக் கட்டி இழுத்து அறக்குளா மீன் பிடிச்சவர். அது என்ர இரத்தத்தில இருக்கு. அதுக்கு அந்தாள் என்ன சொன்னவர் தெரியுமே? "எட்மன், உங்கட ஆக்களுக்கு வலை போடத்தானே தெரியும். இது விளையாட்டு. இதுக்கு நல்ல சாமான் வேணும், கொஞ்சம் மூளையும் வேணும். உங்கட பட்ஜெட்டுக்குச் சரிவராது."

வடையைக் கடிச்சுக்கொண்டு சொன்னவர். கோதாரியில போவான்.

நான் வடையைக் கீழ வச்சன். அண்டைக்கு மனசுக்குள்ள சத்தியம் பண்ணினன். சினோ கொட்டி ஏரி உறைய முதல், இந்தாளின்ர சாமானின்ர பத்தில ஒரு பங்கு விலையில, நாற்பத்தி ஐஞ்சு அங்குலத்தில ஒரு மஸ்கி. ஒரு அங்குலம் கூட இருந்தாப் போதும். அதைப் படம் எடுத்து அவற்ற முகத்துக்கு நேர பிடிக்கிறது. இல்லாட்டி நான் பாசையூரான் இல்லை.

பேந்து பாருங்கோ, ஒரு மாதம் இதே வேலை. பதினாலடித் தகரவள்ளம் ஒண்டு, தெரிஞ்ச வெள்ளையன் வீட்டு வளவில புல்லு முளைச்சுக் கிடந்தது, வாங்கினன். தடியைக் குத்தி வைக்கிற தாங்கி கடையில ஆனை விலை. நான் தண்ணிக் குழாயை வெட்டி, துளை போட்டு, நானே செய்தனான். தூண்டில் மீன்கள், இந்தப் பிளாஸ்டிக் மீன்கள், கழிச்சுப்போட்ட கூடைக்குள்ள கிடந்து பொறுக்கினது. அளக்கிற பலகை மட்டும் தவநாயகம் வச்சிருக்கிற அதே கொம்பனி. ஏனெண்டா, பேந்து அளவு பிழை எண்டு சொல்லக்கூடாது பாருங்கோ.

எல்லாம் சரி வந்திட்டுது. ஒண்டு தவிர. சட்டம். அந்த ஏரியில ஆளுக்கு ஒரு தூண்டில்தான் விடலாம். தனிய ஒருத்தன் ஒரு தூண்டிலை இழுத்துக்கொண்டு திரிஞ்சா மஸ்கி கிடைக்க இரண்டு வருசம் செல்லும். இரண்டு தூண்டில் வேணும். ஒண்டு தூர, ஒண்டு கிட்ட. இரண்டு தூண்டிலுக்கு இரண்டு ஆள். சிநேகிதர்மாரைக் கேட்டன். ஒருத்தனுக்கு முதுகுவலி, ஒருத்தனுக்குப் பேரப்பிள்ளை. கடைசியில மலருக்கு லைசன்ஸ் எடுத்துக் குடுத்து, "வந்து சும்மா இரு" எண்டன்.

உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில வேலையோ? இல்லை, சும்மா கேட்டனான்.

மலரும் வந்தவ. ஆனி மாதம் தொடங்கி ஐப்பசி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும். முதல் நாள் சீலைக்கு மேல என்ர பழைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தவ. நூல் சுத்துற நல்ல றீல் எனக்கு. எவ்வளவு அடி விட்டிருக்கு எண்டு இலக்கம் காட்டும். அவவுக்கு ஒரு பழைய றீல், அந்த இலக்கம் பழுது. அதுக்கு அவ என்ன செய்தவ தெரியுமே, கோயில்ல கட்டுற சிவப்பு நூலை எடுத்து, பத்தடிக்கு ஒரு முடிச்சா அந்த நைலோன் முழுக்கக் கட்டிப்போட்டா. முடிச்சை விரலால எண்ணி எண்ணித்தான் விடுவா. உதென்ன பூசையோ எண்டு நான் நக்கலடிச்சனான். தூண்டில் மீனும் அவ தானே எடுத்தவ, கூடைக்குள்ள ஆருக்கும் பிடிக்காமல் கிடந்த ஒரு கறுப்புச் சாமான். அவலட்சணம். வயிறு மட்டும் செம்மஞ்சள்.

அவவோட வள்ளத்தில இருக்கிறது லேசில்லைத் தம்பி. வாய் ஓயாது. தெர்மோஸில இஞ்சித் தேத்தண்ணி கொண்டருவா, குடிச்சுக்கொண்டு கதைப்பா. தான் சின்னனில கிணத்துக்கட்டில ஏறி விழுந்த கதை, இயக்கப் பெடியங்களுக்குச் சோத்துப் பார்சல் கட்டின கதை, எனக்கு இருபத்தெட்டு வருசமாச் சொல்லாத கதையெல்லாம் அந்தத் தகரவள்ளத்துக்குள்ளதான் சொன்னவ. ஒரு நாள் மோட்டர் சத்தத்துக்கு மேலால பாட்டு வேற. "மீன் பயப்பிடும், பேசாமல் இரு" எண்டு நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன். எனக்குக் கண்ணுக்கு முன்னால தவநாயகத்தின்ர வடை மட்டும்தான்.

ஆவணி மாதம் ஒரு நாள் கேக்கிறா, "ஏன் இவ்வளவு தூரம் விடுறியள்? மோட்டரின்ர நுரைக்குப் பின்னால கிட்ட விட்டா என்ன?" எண்டு. மோட்டர் சத்தத்துக்கு மீன் வருமோ, விசர்க்கதை கதையாதை எண்டன். அவ கேக்கேல்லை. இரண்டாம் முடிச்சில, இருபதடியில, தன்ர கறுப்புச் சாமானை விட்டா. சரி விடட்டும் எண்டு நான் விட்டனான். அதுதான் பாருங்கோ, ஒரு நல்ல மண்டாடிக்கு அழகு. மண்டாடி எண்டா எங்கட ஊரில வள்ளத்தை நடத்துறவர். மற்றவையை இடைக்கிடை தங்கட எண்ணத்துக்கு விடவேணும்.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு. குளிர். மூக்கு விறைக்குது. புல்லுத்திட்டுக்குப் பக்கத்தால ஓடிக்கொண்டிருக்கிறம். திடீரெண்டு, டமார் எண்டு தடி வளைஞ்சு தண்ணியைத் தொட்டுது. றீல் கத்துது. எந்தத் தடி? கிட்ட விட்ட தடி. மலர் பாய்ஞ்சு தாங்கியில இருந்து தடியை இழுத்தெடுத்திட்டா. "பட்டிட்டுது! எனக்குப் பட்டிட்டுது!" எண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிக்கிறா, கத்துறா. காலைச் சரியா ஊண்டி, தடியை நெஞ்சோட அணைச்சு நிக்கிறா. ஒரு குறை சொல்லேலாது. ஆர் சொல்லிக் குடுத்ததோ தெரியாது.

நான் மோட்டரைக் குறைச்சிட்டு வந்து, "தா" எண்டன்.

எங்கட வள்ளத்தில அதுதான் வழக்கம் தம்பி. ஆரின்ர தூண்டிலில பெரிய மீன் பட்டாலும் நூல் மண்டாடியின்ர கைக்குப் போயிடும். ஏனெண்டா மீன் தப்பினா வள்ளத்துக்கே நட்டம். அப்புவும் அப்பிடித்தான், அப்புவின்ர அப்புவும் அப்பிடித்தான். இதில கோவிக்க ஒண்டுமில்லை. ஆனா கோண்டாவிலாருக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது? "நான் பிடிக்கிறன், நான் பிடிக்கிறன்" எண்டா. "விடு" எண்டன். விடேல்லை. "விடடி, ஆறு மாதமா இதுக்காகத்தானே நாய் மாதிரி அலைஞ்சனான்" எண்டன். அப்பவும் விடேல்லை. பேந்து என்ன செய்யிறது, பிடியில இருந்த விரலை ஒவ்வொண்டாக் கழட்டித்தான் தடியை வாங்கினனான்.

பன்னிரண்டு நிமிசம். என்ர கை ரண்டும் கழண்டுபோச்சு. மூண்டு தரம் வள்ளத்துக்குக் கீழால ஓடிச்சுது. "வலையைப் போடு! இந்தப் பக்கம்! குருடே உனக்கு?" எண்டு கத்திக் கத்தி, கடைசியில மலர் ஒரே அள்ளில வலைக்குள்ள எடுத்துப்போட்டா. பலகையில கிடத்தினன். ஐம்பத்தொண்டு அங்குலம்! நாற்பத்தைஞ்சு கேட்டன், ஆண்டவர் ஐம்பத்தொண்டு தந்தார். கையில தூக்கிக்கொண்டு நிண்டன், மலர் படம் எடுத்தவ. முதல் படம் பழுதாப் போச்சு, பேந்து திருப்பி எடுப்பிச்சனான். பிறகு மீனை விடுறதுக்காகத் தண்ணியில பிடிக்க, அது உயிர்ச்சு, வாலை அடிச்சுக்கொண்டு போச்சுது. தண்ணி காய முதலே அதில நிண்டபடி குடும்பக் குறூப்புக்குப் படத்தை அனுப்பினன். கீழ எழுதினன், "மச்சான், மீன் மணக்குதோ?"

ஐயோ, அந்தச் சுகம்! இருபத்தாறு வருசத்துக் கணக்கு ஒரு விரல் தட்டில தீர்ந்துது. நான் அழுதனான் எண்டா நம்புவியளோ? அழுதனான்.

மலர் அதுக்குப் பிறகு தேத்தண்ணியும் குடிக்கேல்லை. வள்ளத்தை றெயிலரில ஏத்தேக்கதான் சொன்னா, "அது என்ர மீன்" எண்டு. "ஓமோம், அடுத்தது உனக்கு" எண்டன். திருப்பியும் சொல்லுறா, "அது என்ர மீன்." என்ன கதை இது? உயிரோட விட்ட மீனில உன்ர என்ர எண்டு என்ன இருக்கு? என்ர மீனைப் பற்றி என்னட்டையே கதைக்கிறா.

பேந்து தீபாவளி வந்துது. என்ர படத்தைப் பெரிசாக்கி, சட்டம் போட்டு, பூத்தாளால சுத்தி, தவநாயகத்துக்குப் பரிசாக் கொண்டுபோனன். சபை முழுக்க ஆக்கள். அவர் தாளைக் கிழிச்சு, படத்தைப் பாத்தார். பாத்துக்கொண்டே நிண்டார். முகம் கறுத்துது. நான் ஸோபாவில சாய்ஞ்சு இருக்கிறன், ராசா மாதிரி. யன்னலைத் திறக்கட்டோ எண்டு கேக்க வாயெடுக்கிறன். அந்தாள் என்னைப் பாக்கேல்லைத் தம்பி. மலரைப் பாத்தார். "எந்தத் தூண்டிலில பட்டது, தங்கச்சி?" எண்டார்.

மலர் சொன்னா. சிவப்பு நூல் முடிச்சு, இருபதடி, மோட்டர் நுரை, கறுப்புச் சாமான், எல்லாம் சொன்னா. அரை மணித்தியாலம். அந்தாள் கொப்பி கொண்டந்து எழுதினார். கலியாணம் முடிச்ச நாள் தொடங்கி அவை ரண்டு பேரும் சேர்ந்து பத்து வசனம் கதைச்சதை நான் காணேல்லை. எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, படத்தைத் தூக்கிக் காட்டி, "அப்ப பின்ன இவர் ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்?" எண்டார்.

சபை முழுக்கச் சிரிச்சுது. அதே சபை. மலரும் சிரிச்சவ.

மற்றவை சிரிக்கட்டும். அவ சிரிக்கலாமோ? நீங்களே சொல்லுங்கோ, நியாயமோ? அவவுக்காகத்தானே நான் அண்டைக்கு அந்த யன்னல் குளிருக்குள்ள இருந்தனான்?

அதோட முடிஞ்சுது எண்டு நினையாதையுங்கோ. இந்த வருசம் ஆனி மாதம் தொடங்க, ஞாயிறு விடிய எங்கட வீட்டு வாசலில தவநாயகத்தின்ர ட்ரக் வந்து நிக்குது. மலர் தெர்மோஸும் கையுமா இறங்கிப் போறா. என்ர ஜக்கெற் இல்லை, தனக்கெண்டு புதுசு வாங்கிப்போட்டா. சிவப்பு நூல் றீலையும் கொண்டு போயிட்டா. நான் கேட்டனான், "எங்க போறாய்?" எண்டு. "மீனுக்கு" எண்டா. "உன்ர கொண்ணன் என்னை என்ன சொன்னவர் எண்டு மறந்திட்டியோ?" எண்டன். "மறக்கேல்லை. அண்டைக்கும் உங்கட கையை நான்தான் பிடிச்சனான்" எண்டிட்டுக் கதவைச் சாத்தினா. என்ன அர்த்தமோ, எனக்கு விளங்கேல்லை. இரத்தம் இரத்தத்தோட சேர்ந்திட்டுது, வேறென்ன?

போன ஞாயிறு ஐம்பத்திரண்டு அங்குலம். குறூப்பில போட்டிருக்கினம். மலர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. தவநாயகம் பக்கத்தில வலையோட நிக்கிறார், வேலைக்காரன் மாதிரி. சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில தன்ர படத்தைக் கழட்டிப்போட்டு இப்ப அதைத்தான் கொழுவியிருக்கிறாராம். என்ர படம் எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்.

ஐம்பத்திமூண்டு வேணும் எனக்கு. சினோ விழ முதல். அவை ரண்டு பேருக்கும் சேர்த்துக் காட்டுறன். வள்ளம் இருக்கு, வலை இருக்கு, பலகை இருக்கு. நேற்று மோட்டருக்கு எண்ணெய் மாத்தினனான். சட்டம் ஒண்டுதான் இடிக்குது. ஆளுக்கு ஒரு தூண்டில்.

அதுதான் கேட்டனான் தம்பி, ஞாயிற்றுக்கிழமையில வேலையோ எண்டு. உங்களுக்கும் ஒருத்தரும் இல்லை, புதுசா வந்த ஊர். நீங்கள் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். சாமான் எல்லாம் நான் தாறன். தேத்தண்ணியும் கொண்டாறன். கதைக்கலாம், எவ்வளவு வேணுமெண்டாலும் கதைக்கலாம். பாடவும் பாடலாம், நான் ஒண்டும் சொல்லன். அந்த வள்ளம் இப்ப ஒரே அமைதியாக் கிடக்குது.

ஒண்டு மட்டும் முதலே சொல்லிப்போடுறன், பேந்து மனவருத்தம் வரக்கூடாது. மீன் பட்ட உடன தடியை என்னட்டத் தந்திடவேணும். அது எங்கட வழக்கம்.

ஏன் ஒரு மாதிரிப் பாக்கிறியள்? இஞ்ச, அந்தத் தடியைத் தாங்கோ, எப்பிடிப் பிடிக்கிறதெண்டு காட்டுறன். தாங்கோவன். என்னத்துக்கு இறுக்கிப் பிடிக்கிறியள்? விடுங்கோ தம்பி. விரலை எடுங்கோ.